வீட்டுப் புல்தரை: அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டு முன்புறத்தில் ஒரு சென்ட் அளவுக்குப் புல்தரை இருக்கிறது. பார்த்துவிட்டுப் போகிறவர்கள், தெருக்காரர்கள், புதிதாக வீடு கட்டிய சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சமவெளியில், குறிப்பாகச் சென்னை போன்ற வெயிலும் ஐப்பசி மழையும் உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

எந்தப் புல்லைப் போடலாம்?

முதலில் வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று பாருங்கள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை அந்த இடத்தில் போய் நின்றால் தெரிந்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் விழுந்தால் அருகம்புல்லோ கொரியன் புல்லோ போடலாம். பாதி நிழல் என்றால் பஃபலோ புல். அதன் இலை அகலமாக இருக்கும். பட்டுப் போல இருக்காது, ஆனால் நிழலைத் தாங்கும்.

நர்சரிகளில் அதிகம் விற்பது கொரியன் புல். பார்க்க அழகு, காலுக்கு மெத்தை மாதிரி. ஆனால் மெதுவாக வளரும். ஓரிடம் கெட்டால் அது மூடி வர மாதக்கணக்காகும். ஒழுங்காக வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் புடைத்துக்கொள்ளும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு நான் அருகம்புல்லைத்தான் சொல்வேன். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று மணமக்களைச் சும்மா வாழ்த்தவில்லை. அருகு தரைக்கு மேலேயும் கொடி ஓட்டும், மண்ணுக்குள்ளேயும் ஓட்டும். மிதித்தாலும் காய்ந்தாலும் கீழே இருந்து திரும்ப வந்துவிடும். பூஜைக்குப் பறிக்கிற அருகுதான் இதுவும். புல்தரைக்கென்று தேர்ந்தெடுத்த ரகங்களில் இலை இன்னும் மெல்லியதாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் இருக்கிற மாதிரி வருமா? ஆன்லைனில் விதை பாக்கெட் விற்கிறார்களே?

வராது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் குளிரில் வளரும் புல் இனங்கள் வேறு. பாக்கெட்டில் வரும் விதைகளில் பல, குளிர் நாடுகளுக்கான ரை புல், ஃபெஸ்க்யூ வகைகள். மார்கழியில் தூவினால் அழகாக முளைக்கும், பங்குனி வெயிலில் மொத்தமும் போய்விடும். பாக்கெட்டில் என்ன புல் என்று பெயர் எழுதியிருக்கிறதா பாருங்கள். பெயரே இல்லாத பாக்கெட்டை வாங்க வேண்டாம்.

ஷீட் வாங்கி விரிப்பதா, நாற்று ஊன்றுவதா?

வேரும் மண்ணுமாகப் பாய்போலப் பெயர்த்து விற்கும் புல் ஷீட்டை விரித்தால் அன்றைக்கே பச்சை தெரியும், செலவு அதிகம். நாற்றாக ஊன்றினால், நாற்றுக்கு நாற்று நாலு விரல், ஐந்து விரல் இடைவெளி விட்டு நட்டு, இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இன்னொரு பழைய முறையும் உண்டு. அருகம்புல் கொடியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, பசுஞ்சாணமும் மண்ணும் கொஞ்சம் சாம்பலும் சேர்த்துக் கூழாகக் குழைத்து, நனைத்த தரையில் வாசல் மெழுகுவதுபோலப் பூசிவிடுவது. மேலே ஒரு சன்னமான மண் போர்வை போட்டுப் பூவாளியால் நனைத்து வந்தால் ஒவ்வொரு கணுவிலும் முளை வரும். செலவு குறைவு. இதை ஏன் மறந்துபோனோம் என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எந்த முறையானாலும், கட்டட வேலை முடிந்த தரையில் அப்படியே போடாதீர்கள். ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, ஜல்லி, சிமெண்ட் கட்டி, டைல்ஸ் துண்டு எல்லாம் பொறுக்கி எடுங்கள். மக்கிய எரு கலந்து, தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் சும்மா போடுங்கள். மண்ணில் கிடக்கும் களை எல்லாம் முளைத்து வரும். அதைப் பிடுங்கிவிட்டு அப்புறம் நடுங்கள். இந்த இரண்டு வாரப் பொறுமை இரண்டு வருஷக் களை வேலையை மிச்சப்படுத்தும்.

தினமும் தண்ணீர் விட வேண்டுமா?

வேண்டாம். அதிகம் பேர் கேட்பதும் இதுதான், அதிகம் பேர் தவறு செய்வதும் இதில்தான். சாயங்காலம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் தெளிப்பது மனசுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் மேல் அரை அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் வேர் இருக்கும். வேர் மேலேயே தங்கிவிட்டால், ஒருநாள் மோட்டார் கெட்டுப் போனாலும் புல் வாடிவிடும்.

கணக்குப் பார்ப்போம். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் விட்டால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கோடையில் நிலைத்த புல்லுக்கு வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் கொடுத்தால் தாக்குப்பிடிக்கும். அப்படியானால் ஒரு சென்ட்டுக்கு வாரம் 1,000 லிட்டர். மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் ஒன்று, அவ்வளவுதான். இதை இரண்டாகப் பிரித்து வாரம் இரண்டு தடவை விடுங்கள். மணல் பாங்கான தரை என்றால் மூன்றாகப் பிரிக்கலாம். உங்கள் ஹோஸ் 15 லிட்டர் பக்கெட்டை நிரப்ப எத்தனை நிமிஷம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒரு நிமிஷம் என்றால், ஒரு தடவைக்கு 500 லிட்டர் விட அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும். களிமண் தரையில் தண்ணீர் வழிந்து ஓடினால் நிறுத்தி, அரை மணி கழித்து மீதியை விடுங்கள்.

விட வேண்டிய நாள் வந்துவிட்டதா என்று புல்லே சொல்லும். நடந்து பாருங்கள். மிதித்த இடம் உடனே நிமிர்ந்தால் தாகம் இல்லை. திரும்பிப் பார்க்கும்போது உங்கள் கால்தடம் அப்படியே படிந்து கிடந்தால், பச்சையில் ஒரு நீலச் சாம்பல் சாயல் தெரிந்தால், தண்ணீர் விடலாம். விட்ட பிறகு ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை மண்ணில் அழுத்துங்கள். ஒரு விரல் நீளம் சிரமமில்லாமல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் விட்டது போதவில்லை.

நேரம்? விடியற்காலை. இரவில் இலை நனைந்து கிடந்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி.

புதிதாகப் போட்ட புல்லுக்கு மட்டும் இது பொருந்தாது. முதல் இரண்டு வாரம் அதற்குத் தினமும் ஈரம் வேண்டும். அப்புறம் படிப்படியாக இடைவெளியைக் கூட்டுங்கள்.

ஆர்ஓ வேஸ்ட் தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர், ஏசி தண்ணீர் விடலாமா?

ஏசி தண்ணீர் காற்றில் இருந்து வடிந்தது, உப்பு இல்லாதது. தாராளமாக விடுங்கள்.

ஆர்ஓ கழிவில், உள்ளே போன தண்ணீரின் உப்பு இன்னும் அடர்ந்து வெளியே வரும். மெட்ரோ வாட்டர் போன்ற நல்ல தண்ணீரை ஆர்ஓவில் விடுகிறவர்கள், கழிவை வேறு தண்ணீரோடு கலந்து எப்போதாவது விடலாம். உப்பு போர் தண்ணீரை விடுகிறவர்கள் அந்தக் கழிவைப் புல்லுக்கு விடாமல் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்வது நல்லது.

வாஷிங் மெஷின் தண்ணீரை நான் விடுவதில்லை. பவுடரில் இருக்கும் சோடியம் மண்ணை இறுக வைத்துவிடும். விட்டு ஒரு வருஷம் ஆன தரையில் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்பதைப் பார்க்கலாம்.

போர் தண்ணீரே உப்பாக இருந்தால், மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் கொடுத்துப் பாருங்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துத்திறன் (EC) 0.7 dS/m-க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 3-க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி அழகான புல்தரை வளர்ப்பது கஷ்டம். இடைப்பட்ட அளவுக்கு அருகம்புல் நன்றாகவே ஈடுகொடுக்கும்.

எவ்வளவு உயரத்தில் வெட்டுவது?

அருகும் கொரியனும் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம். பஃபலோ இரண்டரை முதல் மூன்று அங்குலம். ஒரே தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மூன்று வாரம் விட்டுவிட்டு ஒட்ட வெட்டினால் அடியில் இருக்கும் வெளிறிய தண்டு மட்டும் மிஞ்சும். சித்திரை வெயிலில் அது கருகிப்போகும். ஊரிலிருந்து வந்து பார்க்கும்போது காடாகக் கிடந்தால், இன்று கொஞ்சம், நாலைந்து நாள் கழித்து கொஞ்சம் என்று இறக்குங்கள். கத்திரி வெயில் என்கிற அக்னி நட்சத்திர நாட்களில் வழக்கத்தைவிட அரை அங்குலம் உயரமாகவே விடுங்கள். புல்லின் நிழல் அதன் வேருக்கு வேண்டும்.

அப்புறம் பிளேடு. வெட்டிய மறுநாள் குனிந்து ஒரு இலையின் நுனியைப் பாருங்கள். நேராக அறுபட்டிருந்தால் பிளேடு நன்றாக இருக்கிறது. நுனி நார் நாராகக் கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தால் சாணை பிடிக்க வேண்டும். தூரத்தில் இருந்து பார்த்தால் தரை முழுக்க ஒரு பழுப்புப் பூச்சு தெரியும். அதை நோய் என்று நினைத்து மருந்து வாங்க ஓடுகிறவர்கள் உண்டு.

வெட்டின புல்லை அள்ள வேண்டுமா?

அடிக்கடி வெட்டி, துண்டு சின்னதாக இருந்தால் அங்கேயே விடுங்கள். மக்கித் தழைச்சத்தாகத் திரும்பும். கற்றை கற்றையாக விழுந்தாலோ, மழைக்காலத்திலோ அள்ளிவிடுங்கள்.

தண்ணீர் எல்லாம் சரியாக விட்டும் புல் மஞ்சளாக இருக்கிறதே?

ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பழைய, அடி இலைகள் சீராக வெளுத்திருந்தால் தழைச்சத்துக் குறைவு. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் கோடு கோடாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்புச் சத்து நிறைந்த மண்ணிலும் போர் தண்ணீர் விடும் இடங்களிலும் இது சாதாரணம். மண்ணில் இரும்பு இருக்கும், புல்லால் எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு அன்னபேதி உப்பு (ஃபெர்ரஸ் சல்ஃபேட்) போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். ஒரு வாரத்தில் பச்சை ஏறும். டைல்ஸ் மேலோ கிரானைட் மேலோ பட்டால் உடனே கழுவிவிடுங்கள், துருக்கறை பிடித்தால் போகாது.

என்ன உரம், எவ்வளவு?

எனக்குப் பிடித்தது சலித்த மண்புழு உரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சென்ட்டுக்கு 20 கிலோ, துடைப்பத்தால் புல்லுக்குள் தள்ளிவிட்டுத் தண்ணீர் விடுவேன். அதோடு ஒன்றிரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்குத் தூளும் சேர்ப்பேன்.

யூரியா போடுவதில் தப்பில்லை, அளவில்தான் விஷயம். 100 சதுர அடிக்கு 50 கிராம், சென்ட்டுக்கு 200 கிராம் தாண்டாமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒருமுறை நான் காலைப் பனியில் இலை ஈரமாக இருக்கும்போதே கையால் வீசினேன். குருணை ஒவ்வொன்றும் இலையில் ஒட்டிக்கொண்டது. மதியத்துக்குள் மிளகு தூவிய மாதிரி தரை முழுக்கப் பழுப்புப் புள்ளி. அதிலிருந்து, இலை காய்ந்திருக்கும்போது மணலோடு கலந்து வீசி, உடனே நன்றாகத் தண்ணீர் விடுகிறேன்.

கோரை வந்துவிட்டது. பிடுங்கப் பிடுங்க வருகிறதே?

ஏன் வருகிறது என்று ஒருமுறை தோண்டிப் பார்த்தால் புரியும். மெதுவாக, சுற்றி ஈரமாக்கி, ஒரு கோரையைக் கரண்டியால் ஆழமாக எடுங்கள். தண்டுக்குக் கீழே ஒரு கிழங்கு. அதிலிருந்து கறுப்பு நூல் மாதிரி ஒரு வேர் ஓடி இன்னொரு கிழங்கு. அதிலிருந்து இன்னொன்று. மணிமாலை மாதிரி கோத்துக்கொண்டு போகும். மேலே பிடித்து இழுத்தால் நூல் அறுந்து, உறங்கிக்கிடந்த கிழங்குகள் ஒவ்வொன்றும் முளைக்கத் தொடங்கிவிடும். ஒன்று நாலாவது இப்படித்தான்.

நாலைந்து செடி என்றால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். நிறைய இருந்தால் வாராவாரம் விடாமல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு புதுத் தளிருக்கும் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. அந்தத் தளிர் வெயிலில் சமைத்துத் திரும்பக் கொடுப்பதற்குள் எடுத்துவிட்டால் கிழங்கு சோர்ந்துபோகும். ஒரு பருவம் முழுக்க விடாப்பிடியாகச் செய்ய வேண்டிய வேலை. இரண்டு வாரம் செய்துவிட்டு விட்டால் பலன் இல்லை. புல்லை அடர்த்தியாக வைத்துக்கொள்வதும் உதவும், கோரைக்கு நிழல் ஆகாது.

மருந்து கேட்கிறவர்களுக்கு: கிளைஃபோசேட் கோரையோடு உங்கள் புல்லையும் கொன்றுவிடும். 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு உத்தரவு, அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றது. ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் என்ற மருந்து கோரையைத் தாக்கும், அருகையும் கொரியனையும் விட்டுவிடும். கரும்பு வயலுக்கென்று கடையில் விற்கிறார்கள். ஒரு சென்ட்டுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே தேவைப்படும் சங்கதி என்பதால், வேளாண் அலுவலரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கோரை பெரும்பாலும் வாங்கி வரும் மண்ணிலும் ஷீட்டிலும்தான் வருகிறது. எங்கள் வீட்டுக்கும் ஷீட்டோடுதான் வந்தது. விரிக்கும் முன் ஒவ்வொரு ஷீட்டையும் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்.

திட்டுத் திட்டாகக் காய்கிறது. என்ன நோய்?

நோய்தான் என்று முடிவு கட்டாதீர்கள். காய்ந்த இடத்தின் ஓரத்தில், பச்சையும் பழுப்பும் சேரும் இடத்தில், மண்டியிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

புல்லைக் கைப்பிடியாகப் பிடித்து இழுங்கள். பாய் மாதிரி சுருண்டு வந்தால் கீழே வேர் இல்லை என்று பொருள். மண்ணைக் கிளறினால் 'சி' வடிவில் சுருண்ட, பழுப்புத் தலை வைத்த வெள்ளைப் புழுக்கள் இருக்கும். கோடை மழைக்குப் பின் விளக்கையும் வேப்பமரத்தையும் தேடி வரும் வண்டுகளின் பிள்ளைகள் இவை. வேப்பம் புண்ணாக்கும், மெட்டாரைசியம் என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் கொடுத்துத் தொடர்ந்து பாருங்கள். வண்டு வரும் நாட்களில் தோட்டத்து விளக்கை அணைத்து வையுங்கள்.

வேர் உறுதியாக இருக்கிறது, இலை மட்டும் மென்று தின்ற மாதிரி இருக்கிறது, மைனாவும் கொக்கும் வந்து கொத்துகின்றன என்றால் படைப்புழுவாக இருக்கலாம். நாலு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். பத்து நிமிஷத்துக்குள் புழுக்கள் நெளிந்துகொண்டு மேலே வரும். பார்த்த பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

அடை மழையில், வட்டமாக, ஓரத்தில் நனைந்து புகை படிந்த மாதிரி இருந்தால் பூஞ்சை. விடிகாலையில் பார்த்தால் சிலந்தி வலை போன்ற இழை தெரியும். தண்ணீரை நிறுத்துங்கள், யூரியாவை நிறுத்துங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மண்புழு உரத்தில் கலந்து போடலாம்.

இது எதுவும் இல்லை என்றால் தோண்டிப் பாருங்கள். ஒரு ஜாண் கீழே கட்டடக்காரர்கள் கொட்டிய கான்கிரீட் இருந்ததை நானே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

மாமரத்தடியில் புல் நிற்கவே மாட்டேன் என்கிறது.

நிற்காது. அடர்ந்த நிழலில் எந்தப் புல்லுக்கும் பிழைப்பு இல்லை. அங்கே சருகு மூடாக்குப் போட்டு நாலு சேப்பங்கிழங்குச் செடி வையுங்கள்.

தரை கெட்டிப்பட்டுத் தண்ணீர் தேங்குகிறது.

முள் முள்ளாக இருக்கும் தோட்ட ஃபோர்க்கை ஒரு சாணுக்கு ஒரு குத்து என்று ஈரத்தில் குத்தி லேசாக அசைத்துவிடுங்கள். ஆவணியில், புல் நன்றாக வளரும்போது செய்தால் மழைக்கு முன் ஓட்டைகளில் வேர் இறங்கிவிடும். மேலே சலித்த மணலும் எருவும் கலந்து கால் அங்குலம் தூவலாம். புல்நுனி மூடிவிடக் கூடாது. மழைக்காலம் முழுக்க இரண்டு நாளுக்கு மேல் தேங்குகிறது என்றால் குத்துவது போதாது, சரிவும் வடிகாலும் சரி செய்ய வேண்டும்.

புல்தரை இருந்தால் பாம்பு வருமா?

வெட்டிய புல்லில் பாம்பு தங்காது, மறைவதற்கு இடம் இல்லை. அது எலிக்கும் தவளைக்கும் வருகிறது. பக்கத்தில் அடுக்கிய செங்கல், விறகு, பழைய பூந்தொட்டிதான் அதன் வீடு. அவற்றை அப்புறப்படுத்துங்கள், இரவில் டார்ச் இல்லாமல் புல்லில் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நாய் சிறுநீர் கழித்த இடம் கருகுகிறது.

சிறுநீரில் தழைச்சத்து அதிகம். நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் வரும். போன கையோடு ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் கருகாது.

இத்தனை வேலைக்குச் செயற்கைப் புல் போட்டுவிடலாமே?

போடலாம், ஆனால் நம் ஊர் வெயிலில் மதியம் அதன்மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு மேல் சூடாகும். உயிருள்ள புல் தன் ஈரத்தை ஆவியாக்கித் தன்னையும் வாசலையும் குளிர்த்துகிறது.

கோடையில் எல்லாம் காய்ந்துபோச்சு. பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தோம். புல்லுக்கு ஒரு சொட்டு விடவில்லை, விடவும் மனசு வரவில்லை. ஜூன் மாதம் தரை முழுக்க வைக்கோல் நிறம். எங்கள் வீட்டிலேயே "எடுத்துப் போட்டுவிட்டு சிமெண்ட் பூசலாம்" என்றார்கள். நான் ஒரு கொடியைக் கிள்ளிக் கணுவை நகத்தால் கீறிப் பார்த்தேன். வெளியே சருகு, உள்ளே ஈரமான வெள்ளை. அது இருந்தால் உயிர் இருக்கிறது. கணுவும் நொறுங்கித் தூளானால் மட்டும் அந்த இடத்தை எடுத்துவிடலாம்.

நாங்கள் எடுக்கவில்லை. அவ்வப்போது பெய்த சாயங்கால மழையில் கணுவுக்குக் கணு பச்சைப் புள்ளி வந்தது. ஐப்பசி முடிவதற்குள் நான் மறுபடி புல் வெட்ட வேண்டியிருந்தது. கொரியன் போட்டிருந்த இரண்டு அடி ஓரம் மட்டும் திரும்பி வரவில்லை. அந்த இடத்தையும் அடுத்த வருஷம் அருகே ஓடி மூடிவிட்டது.